காசின் மதிப்பும் உறையின் மதிப்பும்

மஸ்ஜித் தானா

அன்புள்ள கவின்,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களைப் பார்த்தேன். உன் கொள்ளுப்பாட்டியின் தகரப் பெட்டியில் கிடந்த 1903ஆம் ஆண்டின் பெரிய வெள்ளி டாலர் ஒன்று. சதுர ஒரு சென் காசுகள் ஒரு கைப்பிடி. “பெரியப்பா, இதையெல்லாம் கிரேடிங்குக்கு அனுப்பினால் விலை ஏறுமா?” என்று கேட்டிருந்தாய். ஒரு வரிப் பதிலில் அடங்குகிற கேள்வியல்ல என்பதால் கடிதமாகவே எழுதுகிறேன்.

பழங்காசு வாங்குகிறவருக்கு மனத்தில் இரண்டு சந்தேகம் இருக்கும். இது அசலா? விற்பவர் சொல்கிற அளவுக்கு நல்ல நிலையில் இருக்கிறதா? சந்தேகம் உள்ளவர் அதற்கும் சேர்த்து விலையைக் குறைத்துத்தான் கேட்பார். விற்பவர், வாங்குபவர் இருவரையும் சேராத ஒரு நிறுவனம் காசைச் சோதித்து, தரத்தை எண்ணாகக் குறித்து, பிளாஸ்டிக் உறையில் அடைத்துக் கொடுத்தால் அந்தக் குறைப்புக்கு இடமில்லை. ‘கிரேடிங் செய்தால் விலை ஏறும்’ என்று கடைக்காரர்கள் சொல்வதன் பொருள் இவ்வளவுதான்.

இந்த எண் முறைக்கு அடிப்படை போட்டவர் அமெரிக்காவின் வில்லியம் ஷெல்டன். 1949இல் அந்நாட்டின் பழைய செம்புக் காசுகளுக்காக 1 முதல் 70 வரை ஓர் அளவுகோல் வகுத்தார். ஒன்றாம் தரக் காசின் விலை ஒரு டாலர் என்றால் எழுபதாம் தரக் காசின் விலை எழுபது டாலர் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கு நெடுநாள் நிற்கவில்லை. எண்கள் மட்டும் நிலைத்துவிட்டன. 1986இல் பிசிஜிஎஸ், 1987இல் என்ஜிசி என்று இரண்டு அமெரிக்க நிறுவனங்கள் இதையே தொழிலாக நடத்தத் தொடங்கின. இன்று மலேசியக் காசுகளும் அவற்றின் உறைகளில் கைமாறுகின்றன.

புழக்கத்துக்கே போகாத காசுக்கு 60 முதல் 70 வரை எண் கிடைக்கும். விலையின் கூத்தெல்லாம் இந்தப் பதினொரு படிக்குள்தான். 20க்கும் 25க்கும் விலையில் பெரிய வித்தியாசம் இராது. 63க்கும் 65க்கும் இடையே சில காசுகளுக்கு விலை பல மடங்கு தாவும். எந்தத் தரத்தில் எத்தனை காசு தங்களிடம் வந்தது என்ற பட்டியலை இந்நிறுவனங்கள் வெளியிடுகின்றன. உச்சத் தரத்தில் நாலைந்துதான் உண்டு என்று தெரிந்ததும் வசதியுள்ளவர்கள் ஏலத்தில் முட்டி மோதுகிறார்கள். அந்தப் பட்டியலையும் அப்படியே நம்பிவிடாதே. கூடுதல் எண் கிடைக்குமென்று உறையை உடைத்து மறுபடி அனுப்புகிறவர்கள் உண்டு. ஒரே காசு இரண்டு தடவை கணக்கில் ஏறிவிடும்.

இனி உன் டாலருக்கு வருகிறேன். 1903இல் பிரிட்டிஷார் ஆண்ட நீரிணைக் குடியேற்றங்களுக்கென்று வெளியிடப்பட்ட காசு இது. பம்பாய் நாணயச் சாலையில் அச்சானது. அதற்கு அடையாளமாகச் சின்ன ‘பி’ எழுத்து இருக்கும். அந்த எழுத்து குழிந்திருப்பது ஒரு வகை, புடைத்திருப்பது வேறு வகை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து எழுது. எடை 26.95 கிராம், அதில் பத்தில் ஒன்பது பங்கு வெள்ளி. வெள்ளி விலை ஏறியதால் 1907இல் காசைச் சிறிதாக்கி 20.21 கிராமுக்குக் குறைத்துவிட்டார்கள். இந்த டாலரில் போலிகள் ஏராளம். காந்தத்தில் ஒட்டினாலோ எடை கணிசமாகக் குறைந்தாலோ மேற்கொண்டு யோசிக்க வேண்டாம், போலிதான்.

விளக்கின் கீழே பிடித்து மெல்லச் சாய்த்துப் பார். புழங்காத காசில் ஓர் ஒளிக்கீற்று முகப்பு முழுவதும் அறுபடாமல் சுற்றி வரும். முகப்பிலுள்ள எட்வர்ட் மன்னரின் கன்னத்திலும் கிரீடத்திலும் அது மங்கினால் அங்கே தேய்மானம் என்று அர்த்தம். உன் படத்தில் மன்னரின் தலைக்கு மேலே விளிம்பில் பற்றுவைத்த தடம் தெரிகிறது. கொள்ளுப்பாட்டி வளையம் வைத்துக் கழுத்தில் போட்டிருக்கிறார். இத்தகைய காசுக்கு எண் தரமாட்டார்கள். ‘அசல்தான், ஆனால் நகையில் இருந்தது’ என்று குறிப்பு எழுதி அடைப்பார்கள். கட்டணமும் அஞ்சல் செலவும் கழிந்தால் உனக்கு மிஞ்சுவது சொற்பமாக இருக்கலாம்.

சதுரக் காசுகளில் 1943ஆம் ஆண்டுக் காசு ஒன்று பளபளவென்று இருக்கிறதே, அதைப் புளி போட்டுத் தேய்த்தாயா? அப்படியானால் அதற்கும் எண் கிடைக்காது. தேய்த்த கீறல்கள் சோதிப்பவர் கண்ணுக்குத் தப்பாது. இதைப் போன்ற வெண்கலக் காசுக்கு எண்ணோடு நிறத்தையும் குறிப்பார்கள்: சிவப்பு, சிவப்பும் பழுப்பும் கலந்தது, பழுப்பு. அச்சான நாளின் சிவப்பு மாறாத காசுக்கே விலை அதிகம். தேய்த்து வரவழைத்த சிவப்பு அதில் சேராது. மற்றவை கைபட்டுத் தேய்ந்த சாதாரணக் காசுகள். ஒரு காசுக்குக் கொடுக்கும் கிரேடிங் கட்டணம் அந்தப் பிடிக் காசு முழுவதன் விலையையும் தாண்டிவிடும்.

பழையது என்பதாலேயே விலை கூடிவிடாது. நம் மலாக்கா வட்டாரத்தில் பழக்கமான சேவல் சின்னச் செம்புக் காசில் ஹிஜ்ரி 1247, அதாவது 1831 என்று ஆண்டு போட்டிருக்கும். அவை நிறைய இருப்பதால் தேய்ந்த ஒன்றைப் பள்ளிக்கூடப் பிள்ளையும் வாங்கலாம். விலை கூட வேண்டுமென்றால் காசு அரிதாக இருக்க வேண்டும், தேடுகிறவர் இருக்க வேண்டும், நிலை நன்றாக இருக்க வேண்டும். மூன்றில் கிரேடிங் சொல்வது கடைசி ஒன்றைப் பற்றி மட்டும். உறையிலும் போலி வந்துவிட்டது. வாங்குமுன் சான்று எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டு, அங்கிருக்கும் படமும் கையிலிருக்கும் காசும் ஒன்றுதானா என்று பார்த்துக்கொள்.

ஆகவே இப்போதைக்கு எதையும் அனுப்பாதே, எதையும் கழுவாதே. நகைக்கடையில் டாலரை நிறுத்துப் பார்த்து எடையை எழுது. சதுரக் காசுகளை ஆண்டுவாரியாகப் பிரித்துப் பட்டியல் எழுதி, தனித்தனித் தாளுறையில் போடு. விளிம்பை மட்டும் பிடித்துத் தூக்கு. பட்டியல் வந்ததும், அனுப்பத் தகுந்தது ஏதும் உண்டா என்று இருவரும் கணக்குப் போடுவோம்.

அன்புடன்,
பெரியப்பா