கோணல் பலகைக்கும் கிராக்கி உண்டு

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில், இடித்த செட்டிநாட்டு வீடுகளின் பர்மா தேக்குத் தூண்களும் கதவுகளும் விலைக்குக் கிடைக்கின்றன. நெளிந்த பலகையைப் பலரும் ஒதுக்குவார்கள். மரச்சாமான் செய்யும் சிறு தொழில் தொடங்குபவர் பேரம் பேச வேண்டியது அந்தப் பலகைக்குத்தான்.

முதல் வேலை, காந்தம் வைத்துப் பழைய ஆணிகளைத் தேடிப் பிடுங்குவது. ஒற்றை ஆணி போதும், ரம்பப் பல் பாழாகிவிடும். பிறகு இடையிடையே மெல்லிய மரச்சட்டம் கொடுத்து நிழலில் அடுக்க வேண்டும். ஈரப்பதம் 12 சதவீதத்தை ஒட்டி வரட்டும். குழிந்த அகலப் பலகையை அப்படியே இழைத்தால் கனமெல்லாம் சுருளாகப் போய்விடும். நீளவாக்கில் பட்டைகளாக அறுத்து, ஓரம் நேராக்கி, பசையிட்டு ஒட்டினால் உறுதியான மேசைப் பலகை கிடைக்கும். முறுக்கிய பலகையா? சிறு துண்டுகளாக்கி முக்காலிக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஆணித் துளையும் நிற வேறுபாடும் இருக்கும் என்பதை வாடிக்கையாளரிடம் மாதிரித் துண்டு காட்டி எழுதி வாங்குங்கள். முன்பணம் வந்த பிறகே அறுக்கத் தொடங்குங்கள்.