சிகர்ஜி மலையேற்றம்: பையில் கொள்ள வேண்டியவை

ஜார்க்கண்ட் மாநிலம் கிரிடி மாவட்டத்திலுள்ள சம்மேத சிகர்ஜி, இருபது தீர்த்தங்கரர்கள் வீடுபேறு எய்திய திருமலை. உயரம் 1,365 மீட்டர். மதுபனிலிருந்து ஏற 9 கிலோமீட்டர், மேலே திருவடிகளை வணங்கி வர 9, இறங்க 9. ஆக 27 கிலோமீட்டரை ஒரே நாளில் நடத்தல் வேண்டும். ஆகவே சுமை குறைவாயிருத்தல் நன்று.

விடியுமுன் புறப்படுவது வழக்கமாதலால் டார்ச்சு விளக்கும் மாற்று பேட்டரியும் தேவை. குளிர்காலத்தில் கனத்த கம்பளி ஒன்றைவிட மெல்லிய மேலாடைகள் இரண்டு மேல்; வியர்க்கும்போது ஒன்றைக் களையலாம். வெறுங்காலோடு ஏறுவோர் தடித்த பருத்திக் காலுறை கொள்க. வடிகட்டிக் காய்ச்சிய நீரை அவரவர் குப்பியில் அவரவரே சுமத்தல் முறை. லிட்டருக்கு ஒரு கிலோ கனம். எல்லாவற்றையும் மருமகள் தோளில் ஏற்றலாகாது!

இனி, கருத்தூன்றிப் படிக்க வேண்டியது. உண்ணாமலே ஏறி இறங்க உறுதிகொள்வோர் நம்மிடையே உளர். நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ கொள்வோர் அவ்வாறு நடந்தால் இரத்தத்தில் சர்க்கரை மிகத் தாழக்கூடும். முன்னதாகவே மருத்துவரிடம் மருந்தின் அளவைக் கேட்டறிக. நடுக்கம், குளிர்ந்த வியர்வை, பேச்சில் தடுமாற்றம் கண்டால் உடனே 3 தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுக்க. 15 நிமிடத்தில் தெளியாவிடில் மீண்டும் கொடுக்க. நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றலாகாது. சர்க்கரைப் பொட்டலம் பிறர் பையிலன்றி அவர் மடியிலேயே இருக்கட்டும். நோன்பு முறியுமே என அஞ்சுவோர், இவ்விலக்கைச் சொல்லியே விரதம் ஏற்பது தக்கது என்பேன்.

பெயர், நோய், தங்கியுள்ள தர்மசாலை ஆகியவற்றை இந்தியிலும் எழுதிய சீட்டு ஒன்று முதியோர் ஒவ்வொருவரிடமும் இருத்தல் வேண்டும்.