பழைய ஃப்ரெண்டைத் தேட மூணு ஸ்டெப்

அஞ்சாங்கிளாஸ் வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்த உங்க பெஸ்ட் ஃப்ரெண்ட் இப்போ எங்கே இருக்காங்கன்னு தெரியுமா? நம்மில் நிறைய பேருக்குத் தெரியாது. வீடு மாறியிருப்போம், ஸ்கூல் மாறியிருப்போம். அப்போ நம்ம கையில் போனும் கிடையாது. ஆன்லைனில் அவங்களைத் தேடுறதை ஒரு இன்ஜினியரிங் ப்ராப்ளமா எடுத்துப் பார்க்கலாம் வாங்க.

ஸ்டெப் 1: பெயர்

அட்டெண்டன்ஸில் இனிஷியலோடு கூப்பிட்ட பெயர்தான் நமக்கு ஞாபகம் இருக்கும். இப்போ ப்ரொஃபைலில் அப்பா பெயர் முழுசா பின்னாடி வந்திருக்கலாம். அதனால் இனிஷியலை விரித்தும் தேடுங்க.

அடுத்தது ஸ்பெல்லிங். செந்திலுக்கு ஆங்கிலத்தில் டி மட்டும் போடுறவங்களும் உண்டு, டிஹெச் போடுறவங்களும் உண்டு. இதே சிக்கலுக்காக 1918-ல் அமெரிக்காவில் பேட்டன்ட் ஆன முறைதான் சவுண்டெக்ஸ். அதன் இன்றைய வடிவம் முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, உயிரெழுத்துகளை விட்டுவிட்டு, மற்ற ஒலிகளை எண்ணாக மாற்றும். செந்திலை எப்படி எழுதினாலும் எஸ்534. லட்சுமியை எக்ஸ் போட்டு எழுதினாலும், கேஎஸ்ஹெச் போட்டு எழுதினாலும் எல்250. ஆனா செந்தில் சி-யில் தொடங்கினா வேற எண் வந்துடும். அதனால் எல்லா ஸ்பெல்லிங்கையும் ஒரு பேப்பரில் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றா தேடுறதுதான் பாதுகாப்பு.

ஸ்டெப் 2: கிராஃப்

பெயர் கைகொடுக்கலைன்னா ஆட்களைப் பிடிங்க. 2016-ல் ஃபேஸ்புக் தன் பயனர்களைக் கணக்கிட்டபோது, இருவருக்கு இடையே சராசரி தூரம் வெறும் 3.57 பேர்தான். பழைய கிளாஸ்மேட் இன்னும் பக்கத்திலேயே இருக்க வாய்ப்பு அதிகம். அந்த கிளாஸில் யாராவது ஒருத்தர் கிடைத்தால் போதும், அவங்க மூலமா மற்றவங்களை எட்டலாம். டேட்டா ஸ்ட்ரக்சர்ஸில் படித்த பிஎஃப்எஸ்தான் இது.

ஒரு விஷயத்தில் கவனமா இருங்க. பழைய குரூப் போட்டோவைப் பொதுவில் போட்டு "இவங்களைத் தெரியுமா"ன்னு கேட்காதீங்க. அவங்க நம்பரைக் கேட்டு வாங்காதீங்க. உங்க நம்பரை அவங்ககிட்ட கொடுக்கச் சொல்லுங்க. பேசணுமா வேண்டாமான்னு அவங்க முடிவு பண்ணட்டும்.

ஸ்டெப் 3: அனுப்புறது

நிஜமான கஷ்டம் இங்கேதான். 2024-ல் லாரா அக்னின், கில்லியன் சாண்ட்ஸ்ட்ராம் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் இதைச் சோதித்தாங்க. பேச ஆசை இருக்கு, நம்பர் இருக்கு, மெசேஜ் எழுத நேரமும் கொடுத்தாச்சு. அப்படியும் பழைய நண்பருக்கு அனுப்பினவங்க மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனா முதலில் மூணு நிமிஷம் இப்போதைய நண்பர்களுக்கு மெசேஜ் அனுப்பிப் பழகினவங்களில் பாதிக்கு மேல் அனுப்பிட்டாங்க.

இன்ஸ்டாகிராமில் ஃபாலோ பண்ணாதவங்க மெசேஜ் 'ரிக்வெஸ்ட்' பக்கத்துக்குப் போயிடும். அதனால் முதல் வரியிலேயே நீங்க யாருன்னு சொல்லுங்க. "ஞாபகம் இருக்கா?"ன்னு பரீட்சை வைக்காம, ரெண்டு பேருக்கும் தெரிந்த ஒரு சம்பவத்தை எழுதுங்க. பதில் வரலைன்னா அவங்க பார்க்காமலே இருந்திருக்கலாம், விரட்டாதீங்க.

நான் தேடின நண்பன் பத்தாவதோடு படிப்பை நிறுத்திட்டு இப்போ திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறான். முதல் பதில் "சொல்லுங்க, நல்லா இருக்கீங்களா?" நான் "டேய், மழையில் நம்ம ஒரே குடையில் போனது ஞாபகம் வந்துச்சு"ன்னு எழுதினேன். மூணாவது மெசேஜில் அவனும் "டேய்"க்கு வந்துட்டான். பிளேஸ்மென்ட், பேக்கேஜ் பேச்சை அவனே கேட்கிற வரை நான் எடுக்கல. வேற வேற பாதையில் போன ரெண்டு பேருக்கு நடுவில் அந்த 'நீங்க' வரும். அதைப் பார்த்து ஒதுங்கிடாதீங்க.

ஃபைனல் இயர் முடிந்து நம்ம செட்டும் கலையப் போகுது. இன்னைக்கு ஹாஸ்டல் நண்பர்களுக்கு மூணு நிமிஷம் மெசேஜ் போடுங்க, அடுத்தது அந்த பழைய பெஞ்ச் ஃப்ரெண்டுக்கு.