சென்னை டு லண்டன்: டிக்கெட் போடும் முன் அக்கா சொல்லும் 6 விஷயங்கள்

செப்டம்பரில் மேல்படிப்புக்கு லண்டன் கிளம்பும் தங்கச்சிகள் கேட்கிற முதல் கேள்வி, "எத்தனை மணி நேரம் அக்கா?" தூரம் சுமார் 8,200 கி.மீ., விமானம் மணிக்கு 900 கி.மீ., ஆக ஒன்பது மணி நேரம் என்று நானும் ஒரு காலத்தில் வகுத்துப் பார்த்தவள்தான். நேர் விமானமே பத்தரை, பதினோரு மணி நேரம் எடுக்கும்!

1. நூல் பிடித்துப் பார்: வீட்டில் உலக உருண்டை இருந்தால் சென்னைக்கும் லண்டனுக்கும் நூலை இழுத்துப் பிடி. ஈரான், காஸ்பியன் கடல், உக்ரைன் என்று போகும். அதுதான் 8,200. ஆனால் உக்ரைன் வான்வெளி 2022 பிப்ரவரியிலேயே பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டுவிட்டது. சுற்றித்தான் போக வேண்டும்.

2. போக ஒரு நேரம், வர ஒரு நேரம்: உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பலமான காற்று வீசும். போகும்போது எதிர்க்காற்று, வரும்போது அதுவே பின்னால் இருந்து தள்ளும். அதனால் திரும்பி வரும் பயணம் பெரும்பாலும் சீக்கிரம் முடியும்.

3. டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம்: காலை 5.30க்குக் கிளம்பி 11.30க்கு இறங்கினால் ஆறு மணி நேரம் இல்லை. கோடையில் லண்டன் நம்மைவிட நாலரை மணி நேரம் பின்னால். கூட்டினால் பத்தரை. அக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தைத் திருப்பிவைப்பார்கள், வித்தியாசம் ஐந்தரை ஆகிவிடும். அம்மாவுக்குப் போன் பண்ணும் நேரத்தையும் அன்றைக்கே மாற்றிக்கொள்.

4. மாறிப் போனால் கூடுவது தூரமல்ல: துபாய் வழியாகப் போனால் சென்னையிலிருந்து துபாய் 2,900, அங்கிருந்து லண்டன் 5,500. மொத்தமே 200 கி.மீ.தான் அதிகம். நேரத்தைத் தின்பது நடுவில் காத்திருப்பதுதான். விலை மலிவு என்று பன்னிரண்டு மணி நேரக் காத்திருப்பை வாங்கிவிடாதே.

5. அதற்காக ரொம்பக் குறைவாகவும் வேண்டாம்: ஒருமுறை ஒன்றேகால் மணி நேர இடைவெளியில் டிக்கெட் போட்டேன். முதல் விமானம் நாற்பது நிமிடம் லேட். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன், கேட் மூடிவிட்டார்கள். ஸ்வெட்டர் செக்-இன் பெட்டியில். ஏசி குளிரில் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு விடிய விடிய நாற்காலியில் கிடந்தேன். குறைந்தது இரண்டரை மணி நேரம் விடு. இரண்டு விமானமும் ஒரே பி.என்.ஆரில் இருக்கட்டும். அப்போதுதான் முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டாலும் வேறு விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். தனித்தனியாக வாங்கியிருந்தால் பெரும்பாலும் உன் காசுதான் போகும்.

6. வாசலிலிருந்து வாசல் வரை கணக்குப் போடு: மூன்று மணி நேரம் முன்னால் ஏர்போர்ட். இறங்கியதும் இமிகிரேஷன் வரிசை, பெட்டிக்குக் காத்திருப்பு. பிறகு ஹீத்ரோவிலிருந்து நகருக்குள் பாதாள ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். நேர் விமானம் என்றாலும் பதினாறு மணி நேரம் வந்துவிடும். இறங்குகிற அன்றைக்கே ஹாஸ்டல் நேர்காணல், வகுப்பு என்று எதையும் வைத்துக்கொள்ளாதே.

டிக்கெட் எடுக்கும்போது விலைக்கு அடுத்தபடி 'மொத்தப் பயண நேரம்' என்ற வரியைப் பார், தங்கச்சி. கி.மீ. கணக்கு பைலட்டுக்கு, மணிக் கணக்குதான் நமக்கு.