தொட்டியை விட்டுத் துள்ளும் மீன்கள்: காரணமும் காப்பும்

மதுரையிலிருந்து மாறுதல் பெற்று, போடிமெட்டில் ஒரு வாடகை வீட்டில் நாங்கள் குடியேறிய மறுநாள் காலையில் என் மகள் என்னை எழுப்பினாள். "அப்பா, மீன் மூன்று தரையில் கிடக்கிறது" என்றாள். எட்டு மீன்கள் இருந்த தொட்டியில் ஐந்தே இருந்தன. தரையில் கிடந்தவற்றுள் இரண்டு காய்ந்து விறைத்திருந்தன. மூன்றாவது, குடிமாறும்போது நனைந்த சாக்கு ஒன்றின் மேல் விழுந்திருந்தது. அதன் செவுள் மட்டும் மெல்ல அசைந்தது. அதை எடுத்துத் தொட்டி நீரில் விட்டோம். மாலைக்குள் அது மற்றவற்றோடு நீந்தத் தொடங்கியது.

"அந்த இரண்டும் ஏன் செத்தன?" என்று என் மகள் கேட்டபோது, விடை சொல்ல எனக்குத் தெரியவில்லை. கணக்கில் ஒரு தொகை குறைந்தால் அது எவ்வாறு குறைந்தது என்று கண்டறியாமல் எழுந்திருக்கக் கூடாது என்பது வங்கிப் பணி எனக்குக் கற்றுத்தந்த பழக்கம். அதே பழக்கத்தோடு இதனையும் ஆராய்ந்தேன். அதன் பயனை வீட்டில் மீன் வளர்க்கும் வாடிக்கையாளர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அன்றிரவு நிகழ்ந்தது என்ன?

நாங்கள் வளர்த்தவை டேனியோ மீன்கள். விலங்கியலார் டெவாரியோ மலபாரிகஸ் என வழங்கும் இவ்வினம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளில் வாழ்வது. 1849-இல் ஜெர்டன் என்பவர் இதனை முதன்முதலில் விவரித்து எழுதினார். வேகமாக ஓடும் நீரில் கூட்டமாக நீந்தி, நீர்ப்பரப்பில் விழும் பூச்சிகளைப் பாய்ந்து பிடித்து உண்பது இதன் வழக்கம். கடையில் வாங்கிய எங்கள் மீன்கள் தம் முன்னோர் வாழ்ந்த மலைக்கே திரும்பி வந்தன என்றுதான் நான் எண்ணியிருந்தேன். ஆயினும் அந்த மலையின் நீரே அவற்றுக்குப் பகையாயிற்று.

தவறுகள் நான்கு. முதலாவது, மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி குலுங்கியதில் தொட்டியின் கண்ணாடி மூடி உடைந்துபோனது. "ஓரிரவுதானே" என்று மூடியின்றி விட்டோம். இரண்டாவது, தொட்டியை விளிம்பு வரை நிரப்பினோம். மூன்றாவது, மதுரையில் உப்பும் கடினத்தன்மையும் மிக்க ஆழ்துளைக் கிணற்று நீரில் பழகிய மீன்களை, குளிர்ந்த, மென்மையான ஊற்று நீரில் ஒரே நேரத்தில் விட்டோம். நான்காவது, சாலையோரச் சன்னலின் அருகே தொட்டியை வைத்தோம். கொச்சி - தனுஷ்கோடி நெடுஞ்சாலையில் இரவு முழுவதும் செல்லும் லாரிகளின் விளக்கொளி அதன்மீது பாய்ந்துகொண்டிருந்தது.

இவற்றுள் ஒன்று மட்டும் நேர்ந்திருந்தால் மீன்கள் பிழைத்திருக்கக்கூடும். நான்கும் ஒன்றாகச் சேர்ந்ததால் இழப்பு நேர்ந்தது.

மீன்கள் ஏன் துள்ளுகின்றன?

துள்ளுதல் மீனின் நோய் அன்று. அஃது அதன் இயல்பு. வயலில் வாளை துள்ளுவதை நம் முன்னோர் வளமையின் அடையாளமாகவே கண்டனர். இயற்கையில் அது நான்கு வகையில் மீனுக்கு உதவுகிறது: பூச்சியைப் பிடிக்க, பெரிய மீனிடமிருந்து தப்ப, தடை கடந்து நீரோட்டத்தை எதிர்த்து ஏற, வற்றும் குட்டையிலிருந்து வேறு நீர்நிலைக்குச் செல்ல.

இதற்குத் தமிழகத்திலேயே புகழ்பெற்ற சான்று ஒன்று உண்டு. டேனிஷ்காரர் வசமிருந்த தரங்கம்பாடியில், டால்டார்ஃப் என்னும் படை அலுவலர் 1791-இல், நீர்நிலையருகே நின்ற பனைமரத்தில் ஒரு மீன் ஏறியிருக்கக் கண்டார். அவர் எழுதிய குறிப்பை 1797-இல் லண்டன் லின்னேயன் சங்கம் வெளியிட்டது. அம்மீனே நாம் பனையேறிக் கெண்டை என அழைப்பது. அது மரமேறுவது பற்றிய ஐயம் பின்னர் பலரால் எழுப்பப்பட்டது. ஆனால் செவுள் மூடியின் முட்களை ஊன்றி ஈரத்தரையில் நெடுந்தொலைவு நகர வல்லது என்பதில் ஐயமில்லை. ஆற்றுக்கும் குளத்துக்கும் உரிய இந்த ஆற்றல் வீட்டுக்கூடத்தில் உயிரைப் பறித்துவிடுகிறது. ஆற்றில் துள்ளிய மீன் மீண்டும் நீரில் விழும். தொட்டியில் துள்ளிய மீன் தரையில் விழும்.

இயல்பாகத் துள்ளுவதோடு, இடர் நேரும்போதும் மீன் துள்ளும். நீரில் அம்மோனியா சேர்தல், பிராணவாயு குறைதல், குழாய்நீரின் குளோரின், வெப்பநிலையிலோ நீரின் தன்மையிலோ திடீர் மாற்றம், வலிய மீன் மெலிய மீனைத் துரத்துதல், இருட்டில் திடீரென விளக்கு எரிதல், தொட்டியைத் தட்டுதல் ஆகியவை இவ்வகையின. மூடி போடுவதால் இயல்பான துள்ளலின் இழப்பைத் தடுக்கலாம். இடரால் துள்ளும் மீனுக்கோ மூடி மட்டும் போதாது. அது மூடியில் மோதி மோதிச் சாகும். ஆகையால் காப்பு, காரணம் இரண்டையும் ஒருசேரக் கவனித்தல் வேண்டும்.

எவ்வின மீன்களில் கவனம் மிகுதியாக வேண்டும்?

நீரின் மேற்பரப்பில் வாழும் டேனியோ, கோடரி மீன், கில்லி மீன் ஆகியவை முதல் வரிசையில் நிற்பவை. அரோவானா தன் தாயகத்தில் நீருக்கு மேலுள்ள கிளையின் பூச்சியை எட்டிப் பிடிப்பது. அதன் வலிமைக்கு இலேசான மூடி நில்லாது. மூடியின்மேல் பாரமோ பூட்டோ வேண்டும். விரால், பனையேறிக் கெண்டை, விலாங்கு ஆகியவை துள்ளுவதோடு சிறு இடைவெளியிலும் நுழைந்து வெளியேறும். கடைகளில் 'ஷார்க்' என்று விற்கப்படும் கெண்டையினங்கள் அச்சமுற்றால் பாயும். சண்டைமீன் சாந்தமாகத் தோன்றினும் சிறு கண்ணாடிக் குடுவையிலிருந்து எளிதில் வெளியேறிவிடும்.

'மிஸ் கேரளா' எனப்படும் செங்கோட்டு மீனும் நன்கு துள்ளும். இம்மலைத்தொடரின் முண்டக்கயத்தில் கிடைத்த மீனை வைத்து, 1865-இல் ஃபிரான்சிஸ் டே இதனை விவரித்து, அப்போதைய சென்னை ஆளுநர் டெனிசனின் பெயரைச் சூட்டினார். இன்று இது அழியும் நிலையிலுள்ள இனம். 2022-இல் திருத்தப்பட்ட வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையிலும் இடம்பெற்றுள்ளது. இதனை வளர்க்க விரும்புவோர் நடப்புச் சட்ட நிலையை வனத்துறையிடம் கேட்டறிந்த பின்னரே முடிவெடுக்க வேண்டும். ஓடையிலிருந்து பிடித்துவந்த மீனை எவர் விற்றாலும் வாங்குதல் கூடாது.

காப்பு முறைகள்

1. நீர்மட்டம். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டி ஏறத்தாழ 54 லிட்டர் கொள்ளும். மேலே 5 செ.மீ. இடம் விட்டால் 45 லிட்டர் நீர் இருக்கும். இழப்பது 9 லிட்டர். பெறுவது ஒரு கைப்பிடிச் சுவர். செலவே இல்லாத முதற்காப்பு இது. எனினும், வலிதாகப் பாயும் மீனுக்கு இது மட்டும் போதாது.

2. மூடி. கண்ணாடிக் கடையில் அளவு சொல்லி, ஓரம் தேய்த்த கண்ணாடியை வெட்டி வாங்கலாம். இரு துண்டுகளாக வாங்கினால் ஒன்றை நிலையாக வைத்து மற்றொன்றை மட்டும் திறந்து உணவிடலாம். கோடையில் வெப்பம் மிகும் சமவெளி ஊர்களில் வலைமூடி மேலானது. சன்னல் கொசுவலை அமைப்போரிடம் அலுமினியச் சட்டத்தில் நைலான் வலை பொருத்தித் தரச் சொல்லலாம். இரும்பு வலை துருப்பிடிக்கும். மோதும் மீனின் செதிலையும் கிழிக்கும். வலைக்கண் மீனின் தலையைவிடச் சிறியதாக இருத்தல் வேண்டும்.

3. மூலை இடைவெளிகள். மூடியிருந்தும் மீன் போய்விட்டது என்போர் பலர். காற்றுக்குழாய், ஃபில்டர், ஹீட்டர் வயர் ஆகியவற்றுக்காக விட்ட மூலையே பெரும்பாலும் அதன் வழி. ஃபில்டரிலிருந்து நீர் விழும் இடத்தை மீன் ஓடையாக எண்ணி எதிர்த்து ஏறும், அங்கேயே துள்ளும். அம்மூலையைத்தான் நாம் திறந்து வைக்கிறோம். ஸ்பாஞ்சுத் துண்டை அளவாக வெட்டிக் குழாயைச் சுற்றிச் செருகினால் போதும்.

4. காற்று. மூடியைக் காற்றுப்புகாமல் இறுக்குதல் தவறு. சண்டைமீன், விரால், பனையேறிக் கெண்டை போன்றவை நீர்ப்பரப்புக்கு வந்து காற்றைச் சுவாசிப்பவை. நீருக்கும் மூடிக்கும் இடையே காற்று இல்லையேல் அவை மூச்சடைத்துச் சாகும்.

5. மறைவிடம். மிதக்கும் தாவரங்கள் மீனுக்கு நிழலும் அமைதியும் தரும். துள்ளும் விசையையும் குறைக்கும். மிகுதியான செடிகளைக் குப்பையில் உலர்த்திக் கழிக்க வேண்டும்; ஓடையிலோ குளத்திலோ எறிதல் கூடாது.

6. ஒளி. காலையில் முதலில் அறை விளக்கு, சிறிது நேரம் கழித்துத் தொட்டி விளக்கு என்பது முறை. இரவில் தலைகீழாக, முதலில் தொட்டி விளக்கை அணைக்க வேண்டும்.

7. நீர் மாற்றம். ஒருமுறையில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் மாற்ற வேண்டாம். புதுநீரின் வெப்பநிலை பழைய நீரை ஒத்திருக்க வேண்டும். குழாய்நீரெனில் குளோரின் நீக்கும் மருந்திடுதல் நன்று. புதிய மீனைப் பையோடு 15 அல்லது 20 நிமிடங்கள் தொட்டியில் மிதக்கவிட்டு, தொட்டி நீரைச் சிறிது சிறிதாகப் பையில் சேர்த்துப் பழக்கிய பின் விட வேண்டும். வந்த முதல் சில இரவுகளே துள்ளலுக்கு மிகுந்த வாய்ப்புள்ளவை.

8. குளிர். மலைப்பகுதியில் ஹீட்டர் இன்றியமையாதது. லிட்டருக்கு ஒரு வாட் என்ற கணக்கில் 45 லிட்டர் தொட்டிக்கு 50 வாட் போதும். அது நாளொன்றுக்கு 10 மணி நேரம் எரிந்தால் அரை யூனிட் மின்சாரம் ஆகும். தொட்டிக்குள் கை வைக்குமுன் மின் இணைப்பைத் துண்டித்தல் வேண்டும். வயர் வழியே வழியும் நீர் பிளக்கை எட்டாதவாறு, வயரைச் சிறிது கீழே தொங்கவிட்டு மேலேற்றிச் செருக வேண்டும்.

9. அதிர்வு. தொட்டியின் அடியில் தெர்மோகோல் பலகை இடுவது, சாலை அதிர்வையும் மேசையின் மேடுபள்ளத்தையும் தாங்கும்.

தரையில் மீனைக் கண்டால்

காய்ந்ததுபோல் தோன்றும் மீனை உடனே இறந்ததாக முடிவு செய்தல் கூடாது. கையை நனைத்துக்கொண்டு எடுக்க வேண்டும். உலர்ந்த கையும் துணியும் உடலின் வழவழப்புப் படலத்தை உரித்துவிடும். ஒட்டிய தூசியைத் தொட்டி நீரிலேயே அலசி, தொட்டி நீர் நிறைந்த சிறு பாத்திரத்தில் காற்றுக்குழாயின் அருகே விட வேண்டும். விளக்கை அணைத்து அமைதியாக விட்டால் சில மணி நேரத்தில் தேறும். பின் சில நாட்கள் உடலில் பஞ்சுபோன்ற பூஞ்சை தோன்றுகிறதா என்று கவனிக்க வேண்டும். துள்ளிய மீன் தரையிலும் துள்ளித் தொலைவு செல்லும். அலமாரிக்கு அடியிலும் தேடுங்கள்.

எல்லாவற்றினும் எளிய காப்பு, நாள்தோறும் எண்ணுதல். மாலையில் ரொக்க இருப்பைச் சரிபார்க்காமல் காசாளர் பெட்டகத்தைப் பூட்டுவதில்லை. உணவிடும் வேளையில் மீன்கள் அனைத்தும் மேலே வரும், அப்போது எண்ணிவிடலாம். எங்கள் வீட்டில் இப்பொறுப்பை என் மகள் ஏற்றுக்கொண்டாள். நாட்குறிப்பு ஒன்றில் "ஆறு" என்று நாள்தோறும் எழுதி வருகிறாள்.

தொழிலாகத் தொடங்குவோருக்கு

சென்னை கொளத்தூர் வண்ணமீன் வணிகத்துக்குப் பெயர்பெற்றது. வீட்டுக் கொல்லையிலேயே வண்ணமீன் வளர்க்கப் பலர் முன்வருகின்றனர். 2020-இல் தொடங்கப்பெற்ற பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா யோஜனாவின் வழிகாட்டுதலில், இத்தகைய கொல்லைப்புற அலகொன்றின் மதிப்பு 3 லட்சம் ரூபாய் எனக் கணக்கிடப்பட்டது. இதில் பொதுப்பிரிவினருக்கு 40 விழுக்காடும், பெண்களுக்கும் பட்டியல் இன, பழங்குடியினருக்கும் 60 விழுக்காடும் மானியம். அதாவது முறையே 1,20,000 ரூபாயும் 1,80,000 ரூபாயும். நடப்பு விதிகளை மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள். விவசாயக் கடன் அட்டையின் வசதியும் மீன் வளர்ப்போருக்கு விரிவாக்கப்பட்டுள்ளது. விண்ணப்பத்தோடு தரும் திட்ட அறிக்கையில் தொட்டி, மோட்டார், தீவனம் ஆகியவற்றின் செலவு இருக்கும். மூடிக்கும் வலைக்குமான தொகை விடுபட்டிருக்கும். அதனையும் சேர்த்து எழுதுங்கள். இரவில் தாய்மீன் ஒன்று துள்ளி வெளியேறினால், இழப்பது அதன் விலையை மட்டுமன்று. அது ஈனவிருந்த குஞ்சுகளின் வருவாயையும் சேர்த்தே.

இறுதியாக ஒரு வேண்டுகோள். வளர்க்க இயலாத மீனை ஓடையில் விட்டுவிடுவது கருணையாகத் தோன்றலாம். அயல் மீன் நம் மலைநீரில் பெருகினால், இம்மலைக்கே உரிய மீன்கள் உணவும் இடமும் இழந்து அழியும். அத்தகைய மீனைக் கடைக்கோ வளர்ப்பவருக்கோ திருப்பிக் கொடுங்கள்.

மகளின் வினாவுக்கு அன்று என்னிடம் விடையில்லை. "மீன் செய்தது தவறன்று, மூடாமல் விட்டது நாம்" என்று பின்னர் ஒருநாள் கூறினேன். சிறிது நேரம் எண்ணிப் பார்த்துவிட்டு எழுந்து சென்று, மூடி சரியாக இருக்கிறதா என்று கையால் அழுத்திப் பார்த்துவிட்டு வந்தாள்.