உடன்பிறந்தார் பூசல்

ஒரு வீட்டில் வளரும் பிள்ளைகள் ஒருவரோடொருவர் மாறுபடுதல் இயல்பே. அம்மாறுபாட்டைச் சொல்லால் தீர்த்துக்கொள்ளப் பழகுதல் ஒரு பெருங்கல்வியாகும். அக்கல்விக்கு வீடே முதற்பள்ளி.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் ஒரு பகுதி ஏறத்தாழப் பத்துக்கோடி ஆண்டுகளுக்கு முன்னர்க் கடலாய் இருந்தது. அக்கடலில் வாழ்ந்து மறைந்த அம்மோனைட்டு என்னும் உயிரின் சுருளோடுகள் கல்லாய் மாறி, காரை முதலிய ஊர்களில் மழைநீர் அரித்த நிலங்களில் காணப்படுகின்றன. அத்தகைய கல் ஒன்றை ஓர் அக்காளும் தம்பியும் கண்டெடுத்தனர் எனக் கொள்வோம்.

"முதலிற் கண்டவள் நான்" என்கிறாள் அக்காள். "மண்ணைத் தோண்டி எடுத்தவன் நான்" என்கிறான் தம்பி. இருவர் கூற்றும் உண்மையே. ஆதலின் குரலை உயர்த்துவதால் வழக்குத் தீராது; கல்லைப் பற்றி இழுத்தால் அது உடைந்துபோகும். தாய் அதனைப் பறித்து ஒளித்துவைப்பின் பூசல் அடங்கும். ஆனால் பிள்ளைகளின் பேசுந்திறன் வளராது.

அறிவுடைய தாய் கல்லைத் திண்ணைமேல் வைத்து, ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவரைப் பொறுத்திருக்கச் செய்வாள். பின்னர், "தம்பி சொன்னதை நீ சொல், அக்காள் சொன்னதை நீ சொல்" என்பாள். பிறர் கருத்தைத் தம் வாயாற் கூறும்பொழுதே அதன் காரணம் விளங்கும். அக்காள் விரும்பியது கல்லின் வடிவை வரைதற்கு. தம்பி விரும்பியது அதனை ஆசிரியரிடம் காட்டுதற்கு. இன்று வரைந்து, நாளை காட்டி, அதன்பின் வாரணவாசியிலுள்ள புதைபடிவ அருங்காட்சியகத்திற்கு அளித்துவிட இருவரும் இசைகின்றனர். இருவர் விருப்பமும் நிறைவேறுகிறது. கல்லும் பலருக்குப் பயன்படுகிறது.

இளமையில் இது கைவராவிடின், முதிர்ந்தபின் விளைவு கொடிதாகும். சங்ககாலத்தில், ஒரே சோழர் குடியிற் பிறந்த நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் பகைகொண்டனர். நெடுங்கிள்ளி உறையூர்க் கோட்டையை அடைத்துக்கொண்டு உள்ளே இருந்தான். நலங்கிள்ளி அதனை முற்றுகையிட்டான். அந்நிலையில் கோவூர்கிழார் என்னும் புலவர் இருவரையும் நோக்கிப் பேசினார். குற்றம் எவருடையது என அவர் ஆராயவில்லை. இருவரும் சூடியது ஆத்திமாலையே என்பதையும், எவர் தோற்பினும் தோற்பது அவர்தம் குடியே என்பதையும் எடுத்துரைத்தார். அவ்வுரை புறநானூற்றின் 45ஆம் பாட்டாக விளங்குகின்றது.

பிறர் சொல்லை முற்றக் கேட்டல், பழிக்காது தம் கருத்தைக் கூறல், விருப்பத்தின் காரணத்தை வினவல் ஆகிய மூன்றும் பிள்ளைப்பருவத்திலேயே பயிலத்தக்கவை. திண்ணையில் இவற்றைக் கற்றவர், நாளை ஊர்மன்றத்திலும் பகை வளராமற் காப்பர்.