குடலில் வாழும் காவலர்கள்

(மூன்றாம் ஆண்டு, விலங்கியல்)

சென்ற ஆண்டு, ராஜா அண்ணாமலைபுரத்தில் உள்ள எங்கள் வீட்டில் தம்பிக்குச் சளி பிடித்தது. மருத்துவரிடம் செல்லாமல், முன்பு வாங்கி மீந்திருந்த ஆன்டிபயாடிக் மாத்திரைகளை விழுங்கினான். சளி குறைந்தது, ஆனால் வயிற்றுப்போக்கு கண்டு நான்கு நாள் படுத்துவிட்டான். “கிருமியைக் கொல்லுகிற மருந்து வயிற்றை ஏனப்பா கெடுக்கிறது?” என்று பாட்டி கேட்டார். அதற்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

கிருமி என்றாலே பகை என்று எண்ணுகிறோம். நம் உடலில் ஏறத்தாழ 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் வாழ்வதாக அறிவியலார் கணக்கிட்டுள்ளனர். இவற்றில் மிகப் பெரும்பகுதி பெருங்குடலில் உள்ளது. இவை நமக்குக் காவலாகவும் நிற்கின்றன.

எவ்வாறு காக்கின்றன? முதலாவதாக, இடத்தையும் உணவையும் தாமே கைக்கொண்டு, புதிதாக வரும் நோய்க்கிருமியைப் பட்டினி போடுகின்றன. இரண்டாவதாக, நார்ச்சத்தை நொதிக்கச் செய்து, பகைக் கிருமிகள் பலவற்றுக்கு ஒவ்வாத அமிலங்களை உண்டாக்குகின்றன. மூன்றாவதாக, நம் எதிர்ப்பாற்றலைத் தூண்டிப் பழக்குகின்றன.

1954ஆம் ஆண்டில் போன்ஹாஃப், மில்லர் முதலிய அமெரிக்க ஆய்வாளர்கள் சுண்டெலிகளைக் கொண்டு இக்காவலின் வலிமையை அளந்தனர். சாதாரண எலிகளிடம் சால்மொனெல்லா தொற்றுவதற்கு ஏறத்தாழ ஒரு லட்சம் கிருமிகள் தேவைப்பட்டன. ஸ்ட்ரெப்டோமைசின் கொடுத்த எலிகளுக்கோ பத்துக்கும் குறைவான கிருமிகளே போதுமாயின! மருந்து காவலர்களை வீழ்த்தியது. அம்மருந்துக்கு அடங்காத கிருமி திறந்த வாசல் வழியே நுழைந்தது.

காவலர்களை வளர்த்தால் நோய் குறையுமா? நம் நாட்டிலேயே இதற்குச் சான்று உண்டு. ஒடிசாவின் கிராமங்களில், பினாகி பாணிகிரஹி தலைமையிலான குழு நலமாகப் பிறந்த 4,556 குழந்தைகளிடம் ஆய்வு நடத்தியது. ஒரு பகுதியினருக்கு லாக்டோபேசில்லஸ் பிளான்டாரம் என்ற பாக்டீரியாவும், அதற்கு உணவாகும் ஒருவகைச் சர்க்கரைப் பொருளும் ஏழு நாள் வாய்வழியே தரப்பட்டன. மற்றவர்களுக்கு இவை இல்லாத பொடி தரப்பட்டது. 2017இல் வெளியான முடிவின்படி, இரத்தத்தில் நச்சேறும் ‘செப்சிஸ்’ நோயோ இறப்போ நேர்ந்தவர்கள் மற்றப் பிரிவில் நூற்றுக்கு 9; பாக்டீரியா பெற்ற பிரிவில் 5.4. அதாவது 40 விழுக்காடு குறைவு!

ஆயினும், இது ஒரு குறிப்பிட்ட பாக்டீரியாவை மேற்பார்வையுடன் கொடுத்துக் கண்ட பயன். கடையில் விற்கும் பொடிகள் அனைத்தும் இதைச் செய்யும் என்று கொள்ளலாகாது.

சாதாரணச் சளி பெரும்பாலும் வைரசால் வருவது. அதன்மேல் ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. தம்பியின் மாத்திரை பகைவனைத் தொடாமல் காவலனைத் தாக்கியது. பாட்டியின் கேள்விக்கு விடை இதுவே. மருத்துவர் எழுதித் தந்தால் தவறாது உட்கொள்வோம். நாமாக எடுத்து விழுங்க வேண்டாம், நண்பர்களே!